பூநாரை பார்க்கப் போகிறீர்களா? சூலூர்பேட்டை வழியாகப் பழவேற்காடு ஏரிக்கு ஒரு வழிகாட்டி

பூநாரையை, அதாவது ஃப்ளெமிங்கோவை, பார்க்க மூன்று முறை போய், மூன்றாவது முறைதான் பார்த்தேன். முதல் முறை நவம்பரில் பழவேற்காடு ஊருக்கே போனோம். மழை பெய்து ஏரி நிரம்பிக் கிடந்தது, கண்ணுக்கு எட்டிய வரை தண்ணீர்தான். இரண்டாம் முறை வாடகைக் கார் எடுத்து, ஆந்திர எல்லையில் மாட்டி, பதினொன்றரை மணிக்குப் போய்ச் சேர்ந்தால் கானலில் வெள்ளைப் புள்ளிகள் நடுங்கிக்கொண்டிருந்தன. மூன்றாம் முறை, பிப்ரவரி நடுவில், ரயிலில் போனேன். சாலையிலிருந்து கல்லெறி தூரத்தில் சில நூறு பறவைகள் தலையைத் தண்ணீருக்குள் கவிழ்த்து மேய்ந்துகொண்டிருந்தன. ஒன்றரை மணி நேரம் அசையாமல் நின்று பார்த்தேன். நீங்கள் முதல் முறையிலேயே அப்படிப் பார்க்க வேண்டும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

1. மழையைப் பார்த்துத் தேதி குறியுங்கள்

"சீசன் அக்டோபர் முதல் மார்ச் வரை" என்று எங்கும் எழுதியிருக்கிறது. அது தவறில்லை, ஆனால் அதை மட்டும் நம்பிப் போனால் நான் ஏமாந்தது போல ஏமாறுவீர்கள்.

பூநாரை நின்று மேயும் பறவை. அதற்கு நீந்தவும் தெரியும், ஆனாலும் காலூன்றி நின்று, சேற்றைக் கிளறி, தலையைக் கவிழ்த்துச் சாப்பிடுவதுதான் அதன் வழக்கம். அதனால் தண்ணீர் அதன் கால் உயரத்துக்குள் இருக்க வேண்டும். வடகிழக்குப் பருவமழை கொட்டி முடித்த நவம்பர், டிசம்பரில் ஏரி ஆழமாக இருக்கும். பறவைகள் ஆழம் குறைந்த மூலைகளுக்குச் சிதறிப் போயிருக்கும். பொங்கலுக்குப் பிறகு தண்ணீர் மெல்ல வற்றத் தொடங்கும். அப்போதுதான் அவை சாலையை ஒட்டிய பகுதிகளுக்குக் கூட்டமாக வரும். ஏப்ரல், மே மாதங்களில் பல இடம் காய்ந்து வெடித்துவிடும், பறவைகள் மீதித் தண்ணீரைத் தேடி விலகிவிடும்.

என் கணக்கு இதுதான்: நல்ல மழை பெய்த ஆண்டென்றால் பிப்ரவரி, மார்ச். மழை குறைந்த ஆண்டென்றால் ஜனவரியிலேயே போய்விடுங்கள். புயல் அடித்து ஓய்ந்த இரண்டு வாரத்துக்குள் போகவே வேண்டாம்.

கிளம்புவதற்கு முன்பு இ-பேர்ட் செயலியில் பழவேற்காடு ஏரி, சூலூர்பேட்டைப் பக்கத்து இடங்களைத் தேடிப் பாருங்கள். கடைசியாக யார், என்றைக்கு, எத்தனை பூநாரைகளைப் பார்த்தார்கள் என்று பதிவாகியிருக்கும். செலவே இல்லாத வேலை, பத்து நிமிடம் போதும். கடந்த ஒரு வாரத்தில் யாராவது நூற்றுக்கு மேல் பார்த்திருந்தால் நம்பிக் கிளம்பலாம்.

2. எந்தப் பக்கம் போவது?

ஏரி இரண்டு மாநிலங்களில் கிடக்கிறது. பெரும்பகுதி ஆந்திராவில் இருக்கிறது, தென்கோடி மட்டும் நம்முடையது. சென்னையிலிருந்து போகிறவர்கள் பெரும்பாலும் நம் பக்கத்துப் பழவேற்காடு ஊருக்குத்தான் போகிறார்கள். அழகான ஊர், மீன் சாப்பிடலாம், பழைய கல்லறைகள் இருக்கின்றன. ஆனால் பூநாரையை நெருங்கிப் பார்க்க, முதல் முறை போகிறவர்களுக்கு ஆந்திரப் பக்கம்தான் ஏற்றது. சூலூர்பேட்டையிலிருந்து ஸ்ரீஹரிகோட்டாவுக்குப் போகும் சாலை ஏரியைக் குறுக்கே வெட்டிக்கொண்டு போகிறது. இரண்டு பக்கமும் ஏரி. படகு வேண்டாம், சேற்றில் இறங்க வேண்டாம், சாலையோரத்தில் நின்றாலே போதும்.

இங்கே ஓர் எச்சரிக்கை. பழவேற்காடு கரையில் நின்றால் யாராவது வந்து "படகில் கூட்டிப் போகிறேன், பறவை பக்கத்திலேயே இருக்கிறது" என்பார். என்னிடமும் வந்தார். ஏறப் போன என்னைத் தங்கைதான் கையைப் பிடித்து நிறுத்தினாள். 2011 டிசம்பர் 25 அன்று அங்கே சுற்றுலா போன படகு கவிழ்ந்து 22 பேர் இறந்தார்கள். அதற்குப் பிறகுதான் அங்கே சுற்றுலாப் படகுச் சவாரிக்குத் தடை வந்தது. உயிர்க்கவசமும் இல்லாமல், அனுமதியும் இல்லாமல் ஏற்றுகிற படகில் தயவுசெய்து ஏறாதீர்கள். அதோடு, இன்ஜின் சத்தம் கேட்டாலே பூநாரைக் கூட்டம் எழுந்து போய்விடும். ஆபத்துக்கு ஆபத்து, பறவையும் கிடைக்காது.

இன்னொரு குழப்பம் நேலப்பட்டு. சூலூர்பேட்டைக்கு வடக்கே சுமார் 20 கி.மீ. தூரத்தில் இருக்கும் சரணாலயம். குளிர்காலத்தில் நடக்கும் ஃப்ளெமிங்கோ திருவிழாவில் நேலப்பட்டுக்கும் கூட்டிப் போவார்கள் என்பதால், பூநாரை அங்கேதான் இருக்கும் என்று பலர் நேராக அங்கே போய் இறங்குகிறார்கள். அங்கே இருப்பவை மரத்தில் கூடு கட்டும் கூழைக்கடாக்களும் நத்தைகுத்தி நாரைகளும். அவையும் பார்க்க வேண்டியவைதான், ஆனால் பூநாரைக்கு ஏரிச் சாலைதான். நேரம் இருந்தால் இரண்டையும் ஒரே நாளில் பார்க்கலாம். காலை ஏரி, பிற்பகல் நேலப்பட்டு. திருவிழா நாட்களில் கூட்டமும் ஒலிபெருக்கியும் இருக்கும். பறவைதான் முக்கியம் என்றால் அந்த நாட்களைத் தவிர்த்துவிடுங்கள்.

3. போக்குவரத்து, செலவு, கையில் இருக்க வேண்டிய தாள்கள்

ரயில்: சென்னை சென்ட்ரலை ஒட்டிய மூர் மார்க்கெட் வளாகப் புறநகர் நிலையத்திலிருந்து சூலூர்பேட்டைக்கு மின்சார ரயில் இருக்கிறது. தூரம் 80 கி.மீ.-க்குச் சற்று மேல், இரண்டு மணி நேரத்துக்கும் அதிகமாக ஆகும். டிக்கெட் முப்பது ரூபாய்க்குள் முடிந்துவிடும். கவனிக்க வேண்டியது ஒன்று: அந்தத் தடத்தில் ஓடும் வண்டிகளில் பெரும்பாலானவை கும்மிடிப்பூண்டியோடு நின்றுவிடும். பெயர்ப்பலகையில் சூலூர்பேட்டை என்று இருக்கிறதா என்று பார்த்து ஏறுங்கள். விடிகாலை முதல் வண்டியைப் பிடியுங்கள். அதைத் தவறவிட்டால் அடுத்தது வருவதற்குள் வெயில் ஏறிவிடும். வெளியூர்க்காரர்கள் முதல் நாள் இரவே சூலூர்பேட்டையில் ஒரு லாட்ஜில் தங்கிக்கொள்வது நல்லது. ராக்கெட் ஏவும் நாட்களில் மட்டும் அறை கிடைக்காது, சாலையிலும் கெடுபிடி இருக்கும். ஏவுதல் தேதியை முன்பே பார்த்துவிட்டு நாளை முடிவு செய்யுங்கள்.

நிலையத்துக்கு வெளியே ஆட்டோக்கள் நிற்கும். "ஸ்ரீஹரிகோட்டா" என்று மட்டும் சொன்னால் ஒரு வழிக்குத்தான் பேசுவார்கள். நீங்கள் சொல்ல வேண்டியது: ஏரிச் சாலையில் போக வேண்டும், நான்கைந்து இடத்தில் நிறுத்த வேண்டும், மூன்று மணி நேரம் கூடவே இருந்து திரும்பக் கொண்டுவந்து விட வேண்டும். இதை ஏறுவதற்கு முன்பே பேசி முடியுங்கள். எங்களுக்கு 1,200 ரூபாய் ஆனது. தமிழ் பலருக்குப் புரியும். பூநாரை என்றால் புரியாது, "ஃப்ளெமிங்கோ" அல்லது "ராஜஹம்ச" என்றால் உடனே புரிந்துகொள்வார்கள். எங்கள் ஆட்டோக்காரர் முந்தின நாள் எந்த வளைவில் பறவை இருந்தது என்பதையும் சொல்லி, அங்கேயே கொண்டுபோய் நிறுத்தினார். இரண்டு பேருக்கு ரயில், ஆட்டோ, சாப்பாடு எல்லாம் சேர்த்து 1,800 ரூபாய்க்குள் முடிந்தது.

சொந்தக் கார்: ஓட்டுநர் உரிமம், ஆர்.சி., இன்சூரன்ஸ், புகைச் சான்று, ஃபாஸ்டேகில் பணம். இவ்வளவு போதும்.

வாடகைக் கார்: நான் மாட்டியது இதில்தான். மஞ்சள் போர்டு வண்டி மாநில எல்லையைத் தாண்ட ஆந்திராவுக்கான பெர்மிட்டும் வரியும் சரியாக இருக்க வேண்டும், இல்லையென்றால் அகில இந்தியச் சுற்றுலா பெர்மிட் இருக்க வேண்டும். நான் எடுத்த வண்டியின் ஓட்டுநர் "எல்லாம் இருக்கிறது சார், மேடம்" என்று சொல்லித்தான் கிளம்பினார். எல்லையில் நிறுத்தியபோது ஒன்றும் இல்லை. கைபேசியில் பணம் கட்டி, ரசீது வந்து, நகர்வதற்குள் ஒன்றரை மணி நேரம் போய்விட்டது. அன்றைய காலை வெளிச்சம் அத்தோடு போயிற்று. அதனால் வண்டி பேசும்போதே இரண்டு கேள்விகளைக் கேளுங்கள்: ஆந்திரா பெர்மிட் இருக்கிறதா? அதற்கான பணம் வாடகையில் சேர்ந்ததா, தனியா? பெர்மிட்டைப் படம் எடுத்து முந்தின இரவே அனுப்பச் சொல்லுங்கள்.

அடையாள அட்டை எல்லோரும் வைத்திருங்கள். அந்தச் சாலை முடிவது விண்வெளி மையத்தின் வாசலில். அனுமதிச் சீட்டு இல்லாமல் உள்ளே விட மாட்டார்கள், நமக்கு அங்கே வேலையும் இல்லை. வாசலை நெருங்கிப் படம் எடுக்காதீர்கள். ட்ரோன் கொண்டு போகவே கூடாது. விண்வெளி மையத்தின் பாதுகாப்பு ஒரு பக்கம், மேலே ஏதாவது பறந்தால் கழுகென்று மிரண்டு மொத்தக் கூட்டமும் கலைவது இன்னொரு பக்கம்.

சாலையிலிருந்து பார்க்கக் கட்டணம் எதுவும் இல்லை. நேலப்பட்டுக்கு நுழைவுச் சீட்டு உண்டு, கேமராவுக்குத் தனியாகக் கேட்பார்கள், சில்லறை வைத்திருங்கள்.

4. என்னென்ன எடுத்துப் போவது

பைனாகுலர் அவசியம். 8×42 அளவு, அதாவது எட்டு மடங்கு பெரிதாக்குவது, போதும். 12 மடங்கு, 20 மடங்கு என்று கடைக்காரர் ஆசை காட்டுவார், கையில் பிடித்தால் ஆடிக்கொண்டே இருக்கும். புதிதாக வாங்க 8,000 ரூபாய்க்கு மேல் ஆகலாம். முதல் முறைக்கு யாரிடமாவது இரவல் வாங்குங்கள். தொப்பி, ஆளுக்கு இரண்டு லிட்டர் தண்ணீர், மண் நிறத்திலோ பச்சையிலோ உடை. ஏரிச் சாலையில் நிழலும் கிடையாது, கழிப்பறையும் கிடையாது. டிபன் சாப்பிடும் ஓட்டலிலேயே எல்லாவற்றையும் முடித்துக்கொண்டு கிளம்புங்கள். பெண்கள் இதை மறக்க வேண்டாம்.

5. சாலையில் எங்கே, எப்படி நிற்பது

சூலூர்பேட்டையிலிருந்து சாலை கிழக்கே போகிறது. குளிர்காலத்தில் சூரியன் தெற்குச் சாய்வாக இருப்பதால், போகும்போது உங்கள் வலக்கைப் பக்கத்துப் பறவைகள் எதிர்வெயிலில் கறுப்பு நிழலாகத் தெரியும். இடக்கைப் பக்கம், அதாவது வடக்குப் பக்கம், வெளிச்சம் உங்கள் முதுகிலிருந்து விழும், நிறம் நன்றாகத் தெரியும். அதனால் முதலில் இடப்பக்கத்தைத் தேடுங்கள்.

நேரம்: விடிந்ததிலிருந்து ஒன்பதரை வரை, பிறகு மாலை நான்கு மணிக்கு மேல். பூநாரை பகலிலும் மேயும், இரவிலும் மேயும், அதற்குக் கடிகாரக் கணக்கு இல்லை. நடுப்பகலில் கெடுவது நம் பார்வைதான். தண்ணீருக்கு மேல் காற்று சூடேறிக் கானல் எழுந்தால் எவ்வளவு நல்ல பைனாகுலரும் உதவாது. அந்த நேரத்தில் பறவைகளும் பெரும்பாலும் கழுத்தை முதுகில் சுருட்டி வைத்து ஒற்றைக் காலில் உறங்கிக்கொண்டிருக்கும்.

வண்டியைச் சாலையை விட்டு முழுதாக இறக்கி நிறுத்துங்கள், விண்வெளி மையத்தின் ஊழியர் பேருந்துகள் வேகமாக வரும். முடிந்த வரை வண்டிக்குள் இருந்தே பாருங்கள். போய்வரும் வண்டிகளுக்கு அந்தப் பறவைகள் பழகியிருக்கின்றன, நடந்து வரும் மனிதருக்கு அவ்வளவாகப் பழகவில்லை. சேற்றில் இறங்காதீர்கள். மேலே காய்ந்த ஓடு போலத் தெரியும், கால் வைத்தால் முழங்கால் வரை உள்ளே போகும்.

6. பார்ப்பது பூநாரைதானா?

இந்தப் பகுதியைக் கிளம்புவதற்கு முன்பே ஒரு முறை படித்துக்கொள்ளுங்கள், களத்தில் நின்று படிக்க நேரம் இருக்காது.

மரத்தில் உட்கார்ந்திருந்தால் அது பூநாரை இல்லை. அது மஞ்சள் மூக்கு நாரையாக இருக்கலாம், அதற்கும் வால் பக்கம் ரோஜா நிறம் உண்டு. தட்டையான கரண்டி அலகென்றால் கரண்டிவாயன். பத்திரிகைகளில் பூநாரையைச் செங்கால் நாரை என்று எழுதிவிடுகிறார்கள். செங்கால் நாரைக்கு நீண்டு நேரான சிவந்த அலகு. பூநாரைக்கு அலகு நடுவில் உடைத்து வளைத்தது போலக் கீழ்நோக்கி மடங்கியிருக்கும். அந்த மடிப்பைப் பார்த்துவிட்டால் பிறகு குழப்பமே வராது.

ஏரியில் நீங்கள் பார்க்கப் போவது பெரும்பாலும் பெரும் பூநாரை. நான்கைந்து அடி உயரம், வெளிர் ரோஜா அலகு, நுனி மட்டும் கறுப்பு. சிறு பூநாரை எப்போதாவதுதான் கண்ணில் படும். அது மூன்றடிக்குள்தான் இருக்கும், அலகு முழுதும் கருஞ்சிவப்பு. இங்கே பலருக்கு ஒரு ஏமாற்றம் வரும். ஆப்பிரிக்க ஏரிகளின் படங்களில் பார்த்த அடர்ந்த ரோஜா நிறம் சிறு பூநாரையினுடையது. நம் பெரும் பூநாரை நின்றிருக்கும்போது ஏறக்குறைய வெள்ளைதான். சிறகை விரிக்கும்போதுதான் உள்ளே இருக்கும் செந்நிறமும் ஓரத்துக் கறுப்பும் தெரியும். அந்த நிறம் பிறப்பில் வருவதில்லை, உணவில் வருகிறது. பாசியிலும் அதைத் தின்னும் சிறு இறால்களிலும் உள்ள நிறமி இறகில் ஏறுகிறது. குஞ்சு சாம்பல் நிறத்தில்தான் இருக்கும், முழு நிறம் வர இரண்டு மூன்று ஆண்டுகளாவது ஆகும். கூட்டத்தில் அழுக்குச் சாம்பலாகத் தெரிபவை இளம் பறவைகள், நோய் வந்தவை என்று நினைக்க வேண்டாம்.

7. பொறுமையாக நின்றால் என்னென்ன தெரியும்

ஐந்து நிமிடம் பார்த்துவிட்டு, படம் எடுத்துவிட்டுக் கிளம்புகிறவர்களைப் பார்த்தால் எனக்கு மனசு கேட்பதில்லை. ஒரே ஒரு பறவையைத் தேர்ந்துகொண்டு அரை மணி நேரம் பாருங்கள்.

முதலில் காலைப் பாருங்கள். ஓரிடத்தில் நின்று மாறி மாறி மிதிக்கும், நெல் மிதிப்பது போல. சேற்றில் இருக்கும் புழுவும் பூச்சியும் மேலே வருவதற்குத்தான் அது. பிறகு தலையைக் கவிழ்க்கும். கவனித்தால் அலகு தலைகீழாக, மேலலகு கீழே வருமாறு இருக்கும். தடித்த நாக்கு பம்பு போல நொடிக்குப் பல முறை தண்ணீரை இழுத்து வெளியே தள்ளும். அலகின் ஓரத்தில் சீப்புப் பல் போன்ற தகடுகள் இருப்பதால் இறாலும் நத்தையும் விதையும் உள்ளே தங்கிவிடும். சிறு பூநாரைக்கு அந்தச் சல்லடை இன்னும் நுணுக்கம், நீலப்பச்சைப் பாசியையே வடிகட்டிக்கொள்ளும். அதனால்தான் இரண்டும் ஒரே நீரில் நின்றாலும் இரைக்குச் சண்டை வருவதில்லை.

ஒற்றைக் காலில் நிற்பது அதற்குச் சிரமமான வேலை இல்லை. இறந்த பூநாரையின் உடலைக்கூட ஒற்றைக் காலில் நிலையாக நிறுத்த முடிகிறது, இரண்டு காலில் முடியவில்லை என்று 2017-இல் வந்த ஓர் ஆய்வு காட்டியது. எலும்பும் மூட்டும் எடையின் கீழே தானாகப் பூட்டிக்கொள்கின்றன. பின்பக்கமாக மடிகிற அந்த மூட்டை முழங்கால் என்கிறோம், உண்மையில் அது கணுக்கால். முழங்கால் மேலே இறகுக்குள் மறைந்திருக்கிறது.

ஜனவரி முதல் மார்ச் வரை போகிறவர்களுக்கு ஒரு கூடுதல் வாய்ப்பு உண்டு. கூட்டத்தில் ஒரு பகுதி கழுத்தை நெட்டுக்குத்தாக நீட்டி, தலையை இடமும் வலமும் வெட்டி வெட்டித் திருப்பும். ஒன்று சட்டென்று இரு சிறகையும் விரித்துக் காட்டும், பக்கத்தில் இருப்பது அதையே செய்யும், பிறகு எல்லாம் சேர்ந்து ஒரே திசையில் அணிவகுத்து நடக்கும். ஜோடி சேர்வதற்கான ஆட்டம் இது. கூடு இங்கே தேடாதீர்கள். பெரும்பாலும் குஜராத்தின் கட்ச் ரண் உவர் நிலத்தில்தான் சேற்றைக் குவித்து மேடு கட்டி, ஒற்றை முட்டை இடுகின்றன. தாயும் தகப்பனும் முறை வைத்து ஒரு மாத அளவு அடை காக்கின்றன. பிறகு இரண்டுமே தொண்டைப் பையில் சுரக்கும் சிவந்த பாலைக் குஞ்சுக்கு ஊட்டுகின்றன. ஆண்டுக்கு ஒரு முட்டை, அதுவும் தண்ணீர் சரியாக அமைகிற ஆண்டில் மட்டும். இங்கே ஒரு பறவை வீணாகக் களைத்துப் போவதுகூட எனக்குப் பெரிய விஷயமாகப் படுவது அதனால்தான்.

8. செய்யவே கூடாத ஒன்று

சிறகின் சிவப்பைப் படம் எடுப்பதற்காகக் கை தட்டுவது, ஹாரன் அடிப்பது, கல் எறிவது. என் கண் முன்னே ஒரு குடும்பம் செய்தது. பூநாரையால் நின்ற இடத்திலிருந்து எழ முடியாது. தண்ணீரில் பல அடி ஓடி, சிறகடித்துத்தான் எழும்ப முடியும். ஒரு கூட்டம் ஒரு காலையில் நான்கு முறை எழுந்தால் அதன் மேய்ச்சலே போயிற்று.

நீங்கள் அதிகம் நெருங்கிவிட்டீர்களா என்பதைப் பறவையே சொல்லும். மேய்வதை நிறுத்தித் தலைகள் ஒவ்வொன்றாக நிமிரும். அப்போதே நில்லுங்கள். எல்லாம் ஒரே பக்கம் திரும்பி நடக்க ஆரம்பித்தால் பின்வாங்குங்கள். வாத்துக் கூட்டம் போன்ற கரகரப்புச் சத்தம் திடீரென்று கூடினால் எழும்பப் போகின்றன என்று பொருள். பறப்பதைப் பார்க்க ஆசை என்றால் காத்திருங்கள். ஒரு மேய்ச்சலிலிருந்து இன்னொன்றுக்குச் சிறு குழுக்களாகத் தாமாகவே போகும். கழுத்து முன்னே, கால் பின்னே, ஒரே கோடாக நீண்டு போகும் அந்தக் காட்சி எனக்கு ஒன்றரை மணி நேரத்தில் மூன்று முறை கிடைத்தது.

9. சூலூர்பேட்டைக்குப் போக முடியாதவர்களுக்கு

சென்னையில் பள்ளிக்கரணை சதுப்பு நிலத்திலேயே சில ஆண்டுகளில் பூநாரைகள் இறங்குகின்றன, போகும் முன்பு இ-பேர்டில் பாருங்கள். டெல்டா மாவட்டத்தார் வேதாரண்யம் வழியாகக் கோடியக்கரைக்குப் போகலாம். சதுப்புக்குள் போக வனத்துறை அனுமதி வேண்டும், முதல் நாளே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். ராமேஸ்வரம் போகிறவர்கள் தனுஷ்கோடிச் சாலையின் ஓரத்து நீரைக் கவனியுங்கள். 2025-இல் அந்தப் பகுதியைப் பெரும் பூநாரை சரணாலயமாகத் தமிழக அரசு அறிவித்திருக்கிறது. இலங்கையில் இருப்பவர்களுக்கு மன்னார், வங்காலைப் பக்கம் இருக்கிறது.

10. திரும்பும் முன்

எத்தனை பார்த்தீர்கள் என்று எண்ணி இ-பேர்டில் போட்டுவிடுங்கள். பத்துப் பறவை எவ்வளவு இடம் அடைக்கிறது என்று கண்ணால் அளந்து, அந்த அளவு எத்தனை முறை வருகிறது என்று எண்ணினால் பெரிய கூட்டத்துக்கும் கணக்கு வரும். ஜனவரியில் பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பும் நடக்கிறது, புதியவர்களும் சேரலாம்.

சென்னைக்குத் திரும்பும் வண்டியின் நேரத்தைக் காலையில் இறங்கியவுடனேயே நிலையத்தில் பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். மாலை வெளிச்சத்தில் நின்றுவிட்டால் நேரம் போவது தெரியாது, ஒரு வண்டி போனால் அடுத்ததற்கு வெகுநேரம் காத்திருக்க வேண்டிவரும். ஆட்டோக்காரரின் எண்ணையும் மறக்காமல் வாங்கிக்கொள்ளுங்கள். அடுத்த முறை கிளம்பும் முன்பு "தண்ணீர் எவ்வளவு இருக்கிறது, பறவை எந்த வளைவில் நிற்கிறது" என்று அவரிடமே கேட்டுவிடலாம்.